ஆராய்ச்சியின் நாற்றங்கால்

பல்கலைக் கழகக் கல்வி என்றால் விரிவுரை கேட்டல் என்றே பலரும் எண்ணுகின்றனர். பேராசிரியர் மேடையில் நின்று உரைப்பார். மாணாக்கர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். தேர்வு வரும்பொழுது எழுதியதை மனத்தில் ஏற்றித் திருப்பித் தருவர். இம்முறை மிகப் பழமையானது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. அச்சுப்பொறி தோன்றுமுன் ஐரோப்பாவில் ஒரு நூலுக்கு ஒரு படி கிடைப்பதே அரிதாக இருந்தது. ஆசிரியர் தம் கையிலிருந்த நூலை உரக்க வாசித்து விளக்கம் சொன்னார். மாணாக்கர் கேட்டு எழுதிக்கொண்டனர். 'லெக்சர்' என்னும் சொல்லுக்கு அதன் இலத்தீன் மூலத்தில் வாசித்தல் என்பதே பொருள். அச்சு நூல்கள் பெருகி, மாணாக்கர் தாமே படிக்கும் காலம் வந்த பின்னும் அந்த வாசிப்பு நின்றபாடில்லை.

கேட்டு எழுதும் மாணவன், தானே தேடி, தானே ஆய்ந்து, தானே எழுதும் மாணவனாக மாறியது எப்போது, எவ்வாறு? தமிழாசிரியர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. ஏனெனில் இந்த மாற்றம் தொடங்கிய இடமே மொழியாசிரியர்களைப் பயிற்றிய ஒரு சிறு வகுப்புத்தான்.

பெயர் வந்த வகை

ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக் கழகம் 1737-ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பெற்றது. அங்கே யோகான் மத்தியாஸ் கெஸ்னர் என்னும் பேராசிரியர், கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கென ஒரு தனிப் பயிற்சி வகுப்பை நிறுவினார். அதற்கு வைத்த பெயர் 'செமினாரியம்'. இலத்தீனில் அச்சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள். விதையை நேரே வயலில் வீசாமல் ஒரு சிறு பாத்தியில் முளைக்கவிட்டு, வேர் பிடித்த பின் பிடுங்கி நடும் உழவர் முறையை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடங்களுக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களை அவ்வாறு வளர்த்து அனுப்புவதே அவ்வகுப்பின் நோக்கம். இன்று 'செமினார்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மேடையும் மாலையும் வரவேற்புரையும் நினைவுக்கு வருகின்றன. அதன் தொடக்கமோ பள்ளி ஆசிரியருக்கான நாற்றங்கால்.

கோட்டிங்கனில் பயின்ற பிரீட்ரிக் ஆகஸ்ட் வுல்ப் என்பவர் 1787-இல் ஹாலே பல்கலைக் கழகத்தில் இத்தகைய வகுப்பொன்றைத் தொடங்கினார். ஹோமரின் காவியங்கள் ஒருவர் பாடியவைதாமா என்ற வினாவை 1795-இல் தம் நூலில் எழுப்பி ஐரோப்பிய அறிஞருலகைக் கலக்கியவர் இவரே. இவருடைய வகுப்பில் மாணாக்கர் முறைவைத்துப் பழைய நூற்பகுதிகளுக்கு உரை கூறினர். ஒருவர் எழுதிக் கொணர்ந்த கட்டுரையை மற்றவர் மறுத்தும் ஏற்றும் பேசினர். ஏடுகளுக்கிடையே பாடம் வேறுபடும் இடங்களில் எது பழைய பாடம், எது பின்னவர் கைபட்டது என்று காரணம் காட்ட வேண்டியிருந்தது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்க உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கி உழைத்த வரலாற்றை அறிந்தவர்க்கு அப்பயிற்சியின் கடுமை எளிதில் விளங்கும்.

1810-இல் பெர்லின் பல்கலைக் கழகம் திறக்கப்பெற்றது. அதனைத் திட்டமிட்ட வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட்டின் கருத்து, அறிவு என்பது முடிந்துபோன பொருள் அன்று, இன்னும் முழுதும் கண்டறியப்படாத ஒன்று என்பதாகும். ஆகவே, கற்பிப்பவரும் கற்பவரும் சேர்ந்து தேடுவதே பல்கலைக் கழகத்தின் பணி என அவர் கருதினார். இக்கருத்து ஏட்டளவில் நில்லாமல் வகுப்பறைக்கு வந்ததற்கு லியோபோல்ட் வான் ராங்கே பெருங் காரணமானார்.

ராங்கே வீட்டு மேசை

ராங்கேயும் முதலில் பள்ளி ஆசிரியரே. ஓடர் ஆற்றங்கரையிலுள்ள பிராங்பர்ட் நகரின் உயர்நிலைப் பள்ளியில் 1818 முதல் 1825 வரை பணியாற்றினார். அப்போது எழுதி 1824-இல் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில், அதுவரை சான்றாகப் போற்றப்பட்ட வரலாற்றாசிரியர்கள் தம் செய்திகளை எங்கிருந்து எடுத்தனர் என்று துருவிப் பார்த்தார். நேரிற் கண்டவர் போல் எழுதியவர் பலர், உண்மையில் பிறர் நூலைப் பார்த்து எழுதியிருந்தமை வெளிப்பட்டது. அந்நூலே அவரைப் பெர்லினுக்குக் கொண்டு சேர்த்தது.

அவருடைய விரிவுரை கேட்பதற்கு எளிதாக இருந்ததில்லை என்று அவரிடம் பயின்றவர்களே குறித்துள்ளனர். அவர் பெயர் நிலைத்தது விரிவுரையால் அன்று. 1830-களில் மாணாக்கர் சிலரைத் தம் வீட்டிற்கே அழைத்து அவர் நடத்திய பயிற்சியே வரலாற்றுக் கல்வியின் போக்கை மாற்றியது. இடைக்கால ஜெர்மனியைப் பற்றிய மூல நூல்கள் மேசைமேல் இருக்கும். ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு, மூலங்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதிக் கொணர்வார். மற்றவர் முன்னிலையில் அது ஆராயப்படும்.

இப்பயிற்சியின் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1813-இல் பிறந்த கியார்க் வைட்ஸ் என்ற மாணவர், முதலாம் ஹென்றி அரசரைப் பற்றி எழுதிய ஆய்வு 1837-இல் நூலாக வெளிவந்தது. சாக்சானிய அரசர் காலத்தை ஆண்டுவாரியாக ஆராயும் வரிசையின் தொடக்கம் அது. அவ்வரிசையை எழுதியவர்கள் ராங்கேயின் மாணாக்கர்களே. 1839-இல் இன்னொரு வியப்பு நிகழ்ந்தது. கோர்வை என்னும் பழைய மடத்தைச் சேர்ந்தது எனக் கூறப்பட்ட ஒரு காலக்குறிப்பு நூல் அறிஞரிடையே உலவி வந்தது. வைட்சும் அவருடைய உடன்மாணவர் சீக்பிரீட் ஹிர்ஷும் அதனை ஆராய்ந்து, அது பிற்காலத்தார் செய்த போலி என நிறுவினர். இளைஞர் இருவர் நூலொன்றைப் பொய்யென்று சொல்லும் துணிவைப் பெற்றனர். அத்துணிவுக்கு வேண்டிய சான்றையும் எழுத்தையும் பெற்றனர்.

வைட்ஸ் பின்னர் கோட்டிங்கனில் பேராசிரியராகித் தாமும் அத்தகைய வகுப்பை நடத்தினார். அவரிடம் பயின்ற பிரெஞ்சுக்காரரான கேப்ரியல் மோனோ, 1876-இல் பிரான்சில் புகழ்பெற்ற வரலாற்று ஆய்விதழொன்றைத் தொடங்கியவர்களுள் ஒருவர். நாற்றங்காலிலிருந்து நாற்று நாடு கடந்து நடப்பட்டது.

இம்முறையின் குறையையும் மறைத்தல் கூடாது. அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர் மிகச் சிலர். பெண்களுக்கு அங்கே இடமில்லை. பெர்லின் அடங்கிய புரூசிய நாட்டின் பல்கலைக் கழகங்கள் 1908-இல்தான் பெண்களை முறையான மாணவராகச் சேர்த்துக்கொண்டன. ஆராயும் உரிமை ஒரு சிலருக்கே என்ற எண்ணம் இம்முறையோடு கூடவே நெடுநாள் வளர்ந்து வந்தது.

முறையும் முடிவும்

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் சார்லஸ் கெண்டால் ஆடம்ஸ் 1869-இல் ஜெர்மானிய முறையிலான வரலாற்று வகுப்பைத் தொடங்கினார். 1876-இல் நிறுவப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் ஆராய்ச்சியையே தன் முதற்பணியாகக் கொண்டது. அங்கே ஹெர்பர்ட் பாக்ஸ்டர் ஆடம்ஸ் நடத்திய வரலாற்று வகுப்பு பெரும்புகழ் பெற்றது. நீண்ட மேசை, சுவரெங்கும் நூல்கள், கையெட்டும் தூரத்தில் ஆவணங்கள் என அமைந்த அறையில் மாணாக்கர் கட்டுரை வாசித்தனர். நல்ல கட்டுரைகளை அச்சிட 1880-களின் தொடக்கத்தில் ஒரு வெளியீட்டு வரிசையும் தொடங்கப்பட்டது. எழுதியது அச்சேறும் என்று தெரிந்தால் எழுதுபவனின் பொறுப்புணர்ச்சி வளரும் என்பதை ஆடம்ஸ் அறிந்திருந்தார்.

ஆனால், ஆடம்ஸ் மாணாக்கருக்கு முறையோடு முடிவையும் சேர்த்துக் கொடுத்தார். அமெரிக்க ஊராட்சியின் வித்து பழைய ஜெர்மானியக் காடுகளில் இருந்தது என்பது அவர் கொள்கை. நியூ இங்கிலாந்து ஊர்களை ஆராய்ந்த மாணாக்கர் பலர் அவ்வித்தையே தேடினர்; தேடியதையே கண்டனர். ஆசிரியர் காண விரும்பியதை மாணவன் கண்டெடுத்துத் தருவது ஆராய்ச்சியின் வேடம் பூண்ட மனப்பாடமே ஆகும்.

அக்கொள்கையை உடைத்தவரும் அவ்வகுப்பில் அமர்ந்தவரே. விஸ்கான்சினிலிருந்து வந்த பிரெடரிக் ஜாக்சன் டர்னர், தம் மாநிலத்தின் தோல் வாணிகத்தைப் பற்றி ஆய்வெழுதி 1890-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1893-இல் சிகாகோவில் அவர் வாசித்த கட்டுரை, அமெரிக்க வாழ்வை உருவாக்கியது ஜெர்மானியக் காடு அன்று, மேற்கே நகர்ந்துகொண்டே சென்ற குடியேற்ற எல்லை என்று வாதிட்டது. டர்னரின் கொள்கையையும் பின்வந்தோர் கடுமையாக மறுத்தனர். அந்நிலத்தின் பழங்குடிகளை அது கணக்கில் கொள்ளவில்லை என்று சுட்டினர். அதுவும் முறையின் வெற்றியே. முறையை நன்கு கற்ற மாணவன் ஆசிரியரின் முடிவைக் கடந்து செல்வான். அவனையும் ஒருவர் கடந்து செல்வார்.

ஆக்ஸ்போர்டில் எழுந்த வழக்கு

ஆங்கில நாட்டின் பழைய பல்கலைக் கழகங்கள் வேறு வழியில் சென்றன. ஆக்ஸ்போர்டில் மாணவர் வாரந்தோறும் ஒரு கட்டுரை எழுதித் தம் பயிற்றாசிரியரின் அறைக்குச் சென்று உரக்க வாசிப்பார். ஆசிரியர் கேட்டுக் குறுக்கு விசாரணை செய்வார். தெளிவாக எழுதவும் உடனுக்குடன் வாதிடவும் இதைவிட நல்ல பயிற்சி அரிது. மலாயாவை ஆளவந்த ஆங்கில அதிகாரிகளுள் பலர் இப்பயிற்சியில் வந்தவர்களே. ஆனால், அக்கட்டுரைகள் பெரும்பாலும் பிறர் எழுதிய வரலாற்று நூல்களைப் படித்து எழுதப்பட்டவை. மூல ஆவணத்தைத் தொடாமலே ஒருவர் வரலாற்றில் முதல் வகுப்புப் பெற முடிந்தது.

சார்லஸ் பர்த் என்னும் அறிஞர் 1904-இல் அங்கே வரலாற்றுப் பேராசிரியராகப் பதவியேற்றபோது, தம் முதல் உரையிலேயே இக்குறையை எடுத்துரைத்தார். பட்டப் படிப்பு மாணவருக்கும் மூலங்களை ஆராயும் பயிற்சி வேண்டும் என்றார். பயிற்றாசிரியர்கள் வெகுண்டனர். மாணாக்கருள் பெரும்பாலோர் அரசுப் பணிக்கும் அரசியலுக்கும் செல்பவர். அவர்களுக்கு வேண்டியது பரந்த கல்வி. ஆராய்ச்சி ஒரு சிலருடைய தொழில் என்பது அவர்கள் கட்சி. பர்த் தம் பல்கலைக் கழகத்தில் பெரிதாக எதையும் மாற்ற முடியவில்லை.

அவருடைய கருத்து மான்செஸ்டரில் வேர்விட்டது. பருத்தி ஆலைகளின் நகரமாகிய அங்கே டி. எப். டவுட் என்பவர் 1890 முதல் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். அவர் வரலாற்றுச் சிறப்புப் பட்டம் பெறுவோர் இறுதியாண்டில் மூல நூல்களைக் கொண்டு ஓர் ஆய்வுரை எழுத வேண்டும் என்று விதித்தார். எல்லாரும் பேராசிரியராகப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அலுவலகத்துக்குச் சென்றாலும் செய்தித்தாளுக்குச் சென்றாலும், கேட்ட செய்தியை அப்படியே நம்பாமல் 'இது எங்கிருந்து வந்தது?' என்று வினவும் பழக்கம் குடிமக்கள் எல்லார்க்கும் உரியது. ஆக்ஸ்போர்டுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே நடந்த இவ்வழக்கின் சாரம், ஆராயும் உரிமை எவருக்கு என்பதே.

நம் நாட்டில்

1949 அக்டோபர் 8-ஆம் நாள், ராபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இணைந்து சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழகம் தோன்றியது. பொதுப் பட்டத்துக்குப் பின் ஓராண்டு மேலும் பயின்று சிறப்புப் பட்டம் பெறுவோர் ஆய்வுரையொன்று எழுதி அளித்தனர். ஆங்கிலத்தில் 'அக்கடமிக் எக்சர்சைஸ்' எனப்பட்ட அது, பின்னாளில் மலாய் மொழியில் 'லாத்தேஹான் இல்மியா' எனப் பெயர் பெற்றது. பெயரளவில் அது வெறும் பயிற்சி. செய்த பணியோ பெரிது.

அந்நாளில் மலாயாவின் வரலாறு பெரும்பாலும் ஆண்டவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருந்தது. இங்கு வாழ்ந்த மக்களின் சங்கங்கள், பள்ளிகள், இயக்கங்கள் பற்றி நூல்கள் மிகக் குறைவு. நூல் இல்லாத பொருளில் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்வது எப்படி? மாணவன் மூலங்களை நாடித்தான் ஆக வேண்டும். ஈப்போவில் வளர்ந்த வாங் குங்வூ என்ற மாணவர் 1953-இல் அளித்த ஆய்வுரை, 1900 முதல் 1911 வரை நீரிணைக் குடியேற்றங்களில் செயற்பட்ட சீனச் சீர்திருத்தவாதிகளையும் புரட்சியாளரையும் பற்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றைத் தாண்டவில்லை. அச்சேறாத அந்த மாணவ உரையைப் பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் தம் நூல்களில் சான்றாகக் காட்டியுள்ளனர். அவருடைய பேராசிரியர், 'பார்க்கின்சன் விதி' என்னும் அங்கதத்தால் உலகப் புகழ் பெற்ற நார்த்கோட் பார்க்கின்சன்.

தமிழுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் எம்மொழிக்கு முதலிடம் என்ற வாதம் எழுந்தது. தமிழுக்கே இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி கிளர்ச்சி செய்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. 1956-இல் துறை தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது. 1961-இல் அதன் பொறுப்பை ஏற்ற தனிநாயக அடிகள், 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அந்நிதியின் நோக்கங்களுள் ஒன்று துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்குவது. உழைப்பாளிகள் தம் கூலியிலிருந்து தந்த காசு, மாணவன் மூல நூலைத் தன் கையால் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செலவானது. அதனைப் புரட்டாமல் குறிப்பேட்டோடு நின்றுவிடும் மாணவன் தனக்கு மட்டும் குறை செய்யவில்லை.

இதில் அடங்கிய இழப்பு சிறிதன்று. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதன் பின்னும் பல தோட்டங்கள் கைமாறின, வீடமைப்பு நிலங்களாயின. தோட்டத்தோடு அதன் பள்ளியும் கோயிலும் வாசகசாலையும் இடம் பெயர்ந்தன அல்லது மறைந்தன. அரசாங்க ஆவணத்தில் அத்தோட்டத்தின் ஏக்கர்க் கணக்கு இருக்கும். அங்கே எவ்வாறு திருவிழா நடந்தது, எவர் இரவுப் பள்ளி நடத்தினார், பிள்ளைகள் எதைப் பாடினர் என்பது இராது. இவற்றை எழுதி வைக்கக் கூடியவர் அவ்வூரிலிருந்து பல்கலைக் கழகம் சென்ற மாணவரே. அவர் ஆராயவும் எழுதவும் பயிலாவிடில் அச்செய்தி முதியவரோடு மறையும். முதியவர் காத்திருக்கமாட்டார்.

ஆசிரியர் செய்யக்கூடியது

ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கையில், இடங்கள் மாறினும் மாறாத சில கூறுகள் தென்படுகின்றன. கெஸ்னர் முதல் டவுட் வரை எவரும் 'ஆராய்ச்சி செய்வது எப்படி' என்று சொற்பொழிவு ஆற்றியதால் ஆராய்ச்சியாளரை உருவாக்கவில்லை. மாணவனுக்கு ஒரு சிறிய வினாவைத் தந்தனர். அவ்வினாவுக்குரிய மூலத்தை அவன் கையில் வைத்தனர். எழுதியதை ஒத்த வயதினர் முன்னிலையில் வாசிக்கச் செய்தனர். குறை கண்ட இடத்தைத் திருத்தி மீண்டும் எழுதச் செய்தனர்.

இவற்றுள் முதலாவதில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். 'தமிழர் பண்பாடு' என்றோ 'மலேசியத் தமிழ் இலக்கியம்' என்றோ கடல் போன்ற தலைப்பைக் கொடுத்தால், மாணவன் பிறர் சொன்னதைத் தொகுப்பதைத் தவிர வேறு செய்ய இயலாது. ஒரு பள்ளியின் பத்தாண்டுக் கூட்டக் குறிப்பு, ஒரு நாளேட்டின் ஓராண்டுச் சிறுகதைகள், ஒரு கோயிலின் வரவு செலவுப் புத்தகம் என்று வேலி கட்டிக் கொடுத்தால், ஆசிரியரும் அறியாத ஒன்றை அவன் கண்டு சொல்ல வழியுண்டு. சிங்கப்பூரில் 1887-இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழ் முதலாக நம்மிடம் மூலங்களுக்குக் குறைவில்லை. பழைய நாளேடுகள் பலவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இன்று இணைய வழியே படிக்க வைத்துள்ளது. ராங்கே வெனிசுக்கும் ரோமுக்கும் பயணம் செய்து தேடியது போன்ற மூலங்களுள் ஒரு பகுதி, இங்குள்ள மாணவனுக்கு வீட்டிலேயே கிடைக்கிறது.

எளிதில் கிடைப்பதால் வரும் இடரும் உண்டு. கணிப்பொறியில் கேட்டவுடன் ஆயத்த விடை வந்து நிற்கும் இக்காலத்தில், பார்த்து எழுதுதல் முன்னினும் எளிது. வைட்சும் ஹிர்ஷும் கோர்வை மடத்து நூலிடம் கேட்ட கேள்வியை அவ்விடையிடமும் கேட்க மாணவன் பழக வேண்டும். இதைச் சொன்னவர் எவர்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறெங்கே இது சான்றுபெறுகிறது? இக்கேள்விகள் பல்கலைக் கழகத்தில் திடீரென முளைப்பவை அல்ல. ஐந்தாம் படிவ மாணவன் தன் தாத்தாவிடம் கேட்ட செய்தியைப் பழைய கடப்பிதழின் தேதியோடு ஒப்பிட்டு ஐந்து பக்கம் எழுதும்போதே அவை முளைக்கத் தொடங்குகின்றன.

ஹெர்பர்ட் ஆடம்சின் வகுப்பில் நேர்ந்ததை ஆசிரியர் மறத்தல் ஆகாது. நம் மொழியின் பெருமை மாணவன் நெஞ்சில் பதிய வேண்டும் என்னும் ஆர்வத்தில், முடிவை முன்னே சொல்லிச் சான்றைப் பின்னே தேடச் செய்வது எளிதில் நேரும் பிழை. சான்று வேறு வழி காட்டினால் அவ்வழியே செல்ல மாணவனுக்கு உரிமை இருக்க வேண்டும். தம் கருத்தை மறுத்து எழுதிய கட்டுரைக்கும் உரிய மதிப்பெண் இட ஆசிரியருக்கு மனம் இருக்க வேண்டும். நாற்றங்காலிலேயே நின்ற பயிர் கதிர் விடுவதில்லை. பிடுங்கி நட வேண்டிய பருவம் எது என அறிந்து அதனை விடுவிப்பதும் உழவன் தொழிலில் ஒரு பகுதியே.